ஆர்வி-7 கனோபிச் சட்டம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆர்வி-7, அமெரிக்காவின் ஆரெகன் மாநிலத்தில் அரோரா என்ற ஊரில் இருக்கும் வேன்ஸ் ஏர்கிராஃப்ட் விற்கும் கிட் விமானம். இரண்டு பேர் அருகருகே உட்காரலாம். அலுமினியத் தகடும் ரிவெட்டும் பெட்டி பெட்டியாக வீட்டுக்கு வந்து இறங்கும், வாங்கியவர் கராஜில் வைத்துக் கட்டுவார். ரிச்சர்ட் வான்கிரன்ஸ்வன் 1970-களின் தொடக்கத்தில் ஒற்றை இருக்கை ஆர்வி-3-இல் ஆரம்பித்த வரிசை இது. இதுவரை 10,000-க்கும் மேற்பட்ட ஆர்விகள் பறந்திருக்கின்றன. நான் கட்டியது ஸ்லைடர் கனோபி வைத்த ஆர்வி-7. கட்டும்போது நான் பிறரிடம் கேட்டதும், பிறகு பிறர் என்னிடம் கேட்டதுமான கேள்விகள் கீழே.

கனோபி என்று எதையெல்லாம் சொல்கிறீர்கள்?

தலைக்கு மேலே தெரியும் கண்ணாடிக் குமிழ், அதைத் தாங்கும் எஃகுக் குழாய்ச் சட்டம், முன்கண்ணாடி, அதைப் பிடித்திருக்கும் ரோல் பார் (விமானம் கவிழ்ந்தால் தலையைக் காக்கும் வளைவு), சட்டம் ஓடும் தண்டவாளங்கள், தாழ்ப்பாள், ஓரத்தை மூடும் அலுமினியப் பாவாடை எல்லாம் சேர்ந்ததுதான். பாவாடை என்பது நான் வைத்த பெயரல்ல, கட்டுபவர்கள் எல்லாரும் அதை ஸ்கர்ட் என்றே சொல்வார்கள். கண்ணாடி என்று பேச்சுக்குச் சொன்னாலும் அது அக்ரிலிக், அதாவது பிளெக்ஸிகிளாஸ்.

டிப்-அப் எடுப்பதா, ஸ்லைடர் எடுப்பதா?

டிப்-அப் முன்பக்கக் கீலில் தூக்கித் திறப்பது, ஸ்லைடர் பின்னால் தள்ளித் திறப்பது. டிப்-அப்பில் கண்ணுக்கு நேரே குறுக்குக் கம்பி கிடையாது, பார்வை விரிவாக இருக்கும். திறந்துவிட்டால் கருவிப் பலகையின் பின்புறத்துக்கு மேலிருந்தே கை போகும், சாமான் வைக்கும் இடமும் எளிதில் எட்டும். ஆனால் மழையில் ஒழுகினால் அந்தக் கருவிகள் மேல்தான் ஒழுகும். ஸ்லைடரில் முன்கண்ணாடி அசையாது. தரையில் ஓடும்போது கனோபியைத் திறந்தே வைத்துக்கொண்டு போகலாம். ஜூலை மாத வெயிலில் இந்தக் குமிழுக்குள் ஓடுபாதைக்காகக் காத்திருந்து பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். நான் ஸ்லைடர் எடுத்ததற்கு அது ஒன்றே காரணம். கருவிப் பலகைக்குப் பின்னால் வேலை செய்ய முதுகை ஒடித்துக்கொண்டு காலடியில் படுக்க வேண்டியிருப்பது அதற்குக் கொடுக்கும் விலை.

மற்ற பாகங்களெல்லாம் அழகாகச் சேர்ந்துவிட்டன. கனோபிக்கு மட்டும் ஏன் எல்லாரும் பயமுறுத்துகிறார்கள்?

இறக்கையையும் உடலையும் கட்டும்போது துளைகள் ஏற்கெனவே எந்திரத்தால் போடப்பட்டு வருகின்றன. தகட்டின் துளையும் அதற்கு உள்ளே விலா எலும்பு மாதிரி நிற்கும் ரிப்பின் துளையும் நேராக வந்து நின்றால் பாகம் சரியான இடத்தில் இருக்கிறது என்று பொருள். கிளீகோவை மாட்டிக்கொண்டே போகலாம். யோசிக்க வேண்டிய வேலையைத் துளைகளே செய்துவிடுகின்றன. (கிளீகோ என்பது ரிவெட் அடிக்கும்வரை தகடுகளைச் சேர்த்துப் பிடிக்கும் சின்ன ஸ்பிரிங் பிடிப்பான். கால் அங்குலத்தில் பாதியளவு துளைக்குச் செம்பு நிறத்தில் வரும், அதைவிடச் சின்னதுக்கு வெள்ளி நிறம்.)

கனோபியில் அந்தத் துணை இல்லை. சட்டம் கையால் பற்றவைத்த குழாய், பற்றவைப்புச் சூட்டில் கொஞ்சம் இழுத்துக்கொண்டிருக்கும். குமிழோ சூடாக்கி ஊதி எடுத்தது, ஒன்றைப் போல ஒன்று இருக்காது. நீங்கள் கட்டிய உடலும் பக்கத்து ஊர்க்காரர் கட்டிய உடலும் ஒரு நூல் முன்னே பின்னே இருக்கும். இந்த மூன்றையும் நீங்கள்தான் ஒத்துப்போக வைக்க வேண்டும். நூல் என்று நான் சொல்வது தச்சர் கணக்கில், 8 நூல் ஓர் அங்குலம், ஒரு நூல் 3 மி.மீ.க்குக் கொஞ்சம் மேல். இந்த வேலைக்கு மில்லிமீட்டரைவிட நூல்தான் கைக்கு வருகிறது.

சட்டம் பற்றவைத்தே வருகிறதே. அதில் நான் செய்ய என்ன இருக்கிறது?

முக்கால்வாசி வேலையே அதில்தான் இருக்கிறது. கண்ணாடி வெட்டுவதுதான் பெரிய விஷயம் என்று எல்லாரும் பேசுவார்கள், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். கட்டி முடித்துப் பார்த்தால், என் கண்ணாடியில் வந்த தொல்லை ஒவ்வொன்றும் அதற்கு இரண்டு மாதம் முன்பு சட்டத்தில் நான் “போதும், சரியாகிவிடும்” என்று விட்ட இடத்திலிருந்து வந்தது.

முதலில் விமான உடலை ரசமட்டம் வைத்து நேராக நிறுத்துங்கள், அது ஆடாத நிலையில் இருக்க வேண்டும். அப்புறம் ரோல் பார். அதன் இரண்டு காலும் பக்கவாட்டு நெடுங்கம்பிகள் மேல் உட்கார வேண்டும், நடுத்தாங்கி முன் தளத்துக்கு வர வேண்டும். காலடியில் மெல்லிய ஷிம் தகடு தேவைப்பட்டால் தயங்காமல் போடுங்கள். போல்ட்டை முறுக்கி இழுத்து உட்கார வைத்தால் வளைவு திறந்து வடிவம் மாறிவிடும். இனி வரும் எல்லா அளவுக்கும் ரோல் பார்தான் ஆதாரம்.

அடுத்தது பின்தண்டவாளம். உடலின் முதுகில் நட்டநடுவே ஓடும், அதில் சட்டத்தின் பின்முனையில் உள்ள கட்டை வழுக்கிப்போகும். நடுக்கோட்டை நூல் கட்டிப் பார்த்து வையுங்கள். கண்ணால் பார்த்து வைத்தால் கனோபி மூடும்போது ஒரு பக்கமாக வந்து நிற்கும். சட்டத்தின் முன்பக்கச் சின்னச் சக்கரங்கள் ஓடும் இரண்டு பக்கத் தண்டவாளங்களும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும்.

பிறகு சட்டத்தை ஏற்றுங்கள். முதல் தடவை பார்த்ததும் மனம் தளர்ந்துவிடும். என் சட்டத்தின் முன்வளைவு ரோல் பாரைவிட இரண்டு நூல் அகலமாக இருந்தது, உச்சி அரை நூல் தாழ்ந்திருந்தது, இடது பக்கக் குழாய் உடலைவிட்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தது. பெட்டி மாற்றி அனுப்பிவிட்டார்களோ என்றுகூட நினைத்தேன். மாற்றியெல்லாம் அனுப்பவில்லை, எல்லாருக்கும் இப்படித்தான் வரும். வளைத்துத்தான் சரிசெய்ய வேண்டும்.

எஃகுக் குழாயை வளைப்பதா? முறிந்துவிடாதா?

முறியாது, ஆனால் அடம்பிடிக்கும். குழாய்க்கு ஸ்பிரிங் குணம் உண்டு. நீங்கள் இரண்டு நூல் அமுக்கினால் அது முழுசாகத் திரும்பி வந்து நிற்கும். ஆறு நூல் அமுக்கினால் அரை நூல் கொடுக்கும். அந்தக் கணக்கு கைக்குப் பழகும்வரை கொஞ்சம் கொஞ்சமாகப் போங்கள்.

வளைவுக்கு ஏற்ற குழி வெட்டிய மரக்கட்டைகள் இரண்டைத் தரையில் வைத்து, நடுவில் கையால் அமுக்குவது நல்ல முறை. முழங்காலில் வைத்து வளைப்பவர்களும் உண்டு. இரண்டு விஷயம் மட்டும் கவனம். பற்றவைத்த இணைப்புக்குப் பக்கத்தில் வளைக்காதீர்கள், குழாயின் நடுப்பகுதியில் வளையுங்கள். சுத்தியல் வேண்டாம், குழாய் நசுங்கினால் திரும்ப எடுக்க முடியாது.

இதில் எரிச்சல் தரும் விஷயம், ஓர் இடத்தை வளைத்தால் மூன்று இடம் மாறும். முன்வளைவைக் குறுக்கினால் உச்சி உயரும். உச்சியைத் தாழ்த்தினால் பக்கம் விரியும். அதனால் ஒவ்வொரு முறையும் சட்டத்தை ஏற்றி, அளந்து, ஒரு தாளில் எழுதி, இறக்கி, வளைத்து, மறுபடி ஏற்ற வேண்டும். நான் எத்தனை முறை ஏற்றி இறக்கினேன் என்று எண்ணுவதை இருபதுக்கு மேல் விட்டுவிட்டேன்.

சட்டம் சரியாகிவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நீளமான, வளையக்கூடிய ஒரு மெல்லிய மரப்பட்டையை எடுங்கள். அதை முன்னிருந்து பின்னாக ரோல் பார் மேலும் சட்டத்தின் முன்வளைவு மேலும் பின்வளைவு மேலும் படுமாறு வைத்துப் பிடியுங்கள். கண்ணாடி எப்படி உட்காரும் என்பதைப் பட்டை சொல்லிவிடும். உச்சியில் ஒரு முறை, அதற்கு ஒரு சாண் தள்ளி இரண்டு பக்கமும், தோளில், கீழே என்று பல இடங்களில் பாருங்கள். எங்காவது பட்டைக்கும் குழாய்க்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தால் அங்கே கண்ணாடியும் அந்தரத்தில்தான் நிற்கும்.

பக்கவாட்டுக்கு வேறு சோதனை. கண்ணாடியின் கனமும் அதன் மேல் வரும் பாவாடைத் தகட்டின் கனமும் சேர்ந்த அளவுக்கு ஒரு மரத்துண்டைச் சீவிக்கொள்ளுங்கள். அதைச் சட்டத்தின் பக்கக் குழாயோடு ஒட்டி வைத்தால், பாவாடை உடலின் தகட்டுக்கு வெளியே இறங்குமா, உள்ளே இடிக்குமா என்று தெரிந்துவிடும்.

கனோபியைத் திறந்து மூடும்போது கை இழுவை முழு நீளத்துக்கும் ஒரே மாதிரி இருக்கிறதா என்றும் பாருங்கள். கடைசி நாலு அங்குலத்தில் இறுகினால் தண்டவாளம் இணையாக இல்லை.

குமிழ் பெட்டியில் வந்து மாதக்கணக்காகிறது. எப்போது வெட்டலாம்?

வெயில் வந்தபிறகு. அக்ரிலிக் குளிரில் அப்பளம் மாதிரி. கட்டுபவர்கள் 27 டிகிரி செல்சியஸுக்குக் கீழே அதில் வெட்டவோ துளைக்கவோ மாட்டார்கள். அமெரிக்காவின் வட மாநிலங்களில் இருப்பவர்கள் கனோபியை ஜூலை, ஆகஸ்ட் மாதங்களுக்கென்றே ஒதுக்கிவைப்பதுண்டு. காத்திருக்க முடியாதென்றால் கராஜை மூடி ஹீட்டர் வைத்து, காற்று மட்டுமல்லாமல் குமிழும் சூடாகும்வரை இரண்டு மூன்று மணி நேரம் பொறுங்கள். தொட்டுப் பாருங்கள், சில்லென்று இருந்தால் வேண்டாம்.

அதன் மேல் வரும் பாதுகாப்புப் படலத்தை வேலை முடியும்வரை எடுக்காதீர்கள், வேலை நடக்கும் ஓரங்களில் மட்டும் உரித்துக்கொண்டால் போதும். வெயிலில் வருடக்கணக்காக விட்டுவைத்தாலோ அது பிடித்துக்கொண்டு வராது.

‘பெரிய வெட்டு’ என்கிறார்களே, அது என்ன?

குமிழ் ஒரே துண்டாக வருகிறது. ஸ்லைடரில் முன்பாதி முன்கண்ணாடியாக அசையாமல் நிற்கும், பின்பாதி சட்டத்தோடு நகரும். ஆகவே ஒரு நாள் அதை ரோல் பார் இருக்கும் இடத்தில் குறுக்கே இரண்டாக வெட்டியாக வேண்டும். திரும்ப ஒட்ட முடியாது என்பதால் அந்தப் பெயர். புதுக் குமிழ் வாங்கினால் ஆயிரம் டாலரைத் தாண்டும், அந்த அளவுப் பெட்டிக்கு லாரிக் கூலி தனி.

இங்கே எதிர்பாராத ஒரு விஷயம் சொல்கிறேன். பெரிய வெட்டு அவ்வளவு கஷ்டமான வேலை இல்லை. அதற்கு முன்னால் வரும் சின்ன வெட்டுகள்தான் பொறுமையைச் சோதிப்பவை. குமிழின் கீழ் ஓரத்தை அரை அங்குலம் அரை அங்குலமாகக் குறைத்து, சட்டத்தின் மேல் ஏற்றிப் பார்த்து, மறுபடி இறக்கிக் குறைக்க வேண்டும். ஓரிடத்தில் ஓரம் இடித்துக்கொண்டிருக்கும்வரை குமிழ் உச்சியில் தூக்கிக்கொண்டு நிற்கும். அது உச்சியின் குற்றம் என்று நினைத்து அங்கே கை வைத்துவிடாதீர்கள். ஓரம் விட்டுக்கொடுத்தால் குமிழ் தானாக இறங்கி உட்காரும். உட்கார்ந்த பிறகுதான் பெரிய வெட்டுக்குக் கோடு போட வேண்டும்.

ரம்பம் கூடாது. ரம்பப் பல் ஒன்று கவ்வினால் போதும், விரிசல் ஓடிவிடும். அழுத்தக் காற்றில் சுழலும் கைக்கருவியான டை கிரைண்டரில் மெல்லிய தேய்ப்புத் தட்டை மாட்டி வெட்டுவதுதான் வழக்கம். அது அக்ரிலிக்கைப் பாதி தேய்த்து, பாதி உருக்கிக்கொண்டு போகும். முதலில் கோட்டின் மேல் ஆழமில்லாமல் ஒரு பள்ளம் போடுங்கள். பிறகு அதே பள்ளத்தில் இரண்டாம் ஓட்டம். அதன்பின் முழுக்க அறுங்கள். அறுத்த பகுதியின் மேல் ஒவ்வோர் அடிக்கும் அகலமான டக்ட் டேப்பைக் குறுக்கே ஒட்டிக்கொண்டே வாருங்கள். இல்லையென்றால் கடைசி இரண்டு அங்குலத்தில் வெட்டிய பாதி தன் கனத்தில் தொங்கி, மீதியைக் கிழித்துவிடும்.

கண்ணுக்கும் மூக்குக்கும் மூடி போடுங்கள். வெள்ளைத் தூள் நிலைமின்சாரத்தில் முடியில், சட்டையில், சுவரில் எல்லாம் ஒட்டிக்கொள்ளும். என் மனைவி அன்றைக்கு என்னைக் கழுவாமல் வீட்டுக்குள் விடவில்லை.

வெட்டியபின் ஓரத்தை உப்புத்தாளால் வழவழப்பாகத் தேயுங்கள். சொரசொரப்பான தாளில் ஆரம்பித்து 400-ஆம் எண் தாள் வரையாவது போக வேண்டும். இரண்டு முனைகளையும் லேசாக உருட்டிவிடுங்கள். ஓரத்தில் விரல் நகம் தட்டுப்படும் ஒவ்வொரு கீறலும் நாளைய விரிசலின் தொடக்கம். ஆகவே இதை டிவி பார்த்துக்கொண்டு செய்யாதீர்கள்.

சாதாரண டிரில் பிட் போதாதா?

போதாது. உலோகத்துக்கான பிட்டின் வெட்டுமுனை முன்னோக்கிச் சாய்ந்திருக்கும், உலோகத்தைத் திருகி உள்ளே இழுக்கும். அக்ரிலிக்கில் அது மறுபக்கம் வெளியேறும் நொடியில் கவ்வி இழுத்துப் பிளந்துவிடும். அக்ரிலிக் பிட்டின் வெட்டுமுனையில் அந்தச் சாய்வு இருக்காது, நுனியும் கூராக இருக்கும். அது சுரண்டித்தான் போகும். பின்னால் ஒரு மரக்கட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் துளையுங்கள். துளையை அகலமாக்கப் படிப்படியாகப் பெருக்கும் ஸ்டெப் டிரில் நல்லது, அது கவ்வுவதில்லை.

துளையின் அளவு ஏன் பெரிதாக இருக்க வேண்டும் என்பது இன்னும் முக்கியம். அக்ரிலிக் சூட்டில் உலோகத்தைவிடப் பல மடங்கு விரியும். ஒரு மீட்டர் நீள அக்ரிலிக், வெப்பம் 40 டிகிரி ஏறினால் சுமார் 2.8 மி.மீ. நீளும். அதே நீள எஃகு அரை மி.மீ.தான் நீளும், அலுமினியம் 0.9 மி.மீ. குளிர்காலக் காலையில் ஹேங்கரில், அதாவது விமானக் கொட்டகையில், இருந்த விமானம் வெயிலில் நிற்கும்போது இந்த 40 டிகிரி சாதாரணம். சட்டம் இருக்கும் இடத்தில் இருக்க, கண்ணாடி இரண்டு மி.மீ.க்கு மேல் நகரப் பார்க்கிறது. துளையில் ரிவெட் இறுக்கமாக இருந்தால் அது எங்கே போகும்? துளையின் ஓரத்தைப் பிளந்துகொண்டுதான் போகும்.

அதனால் சட்டத்தில் ஒரு நூல் துளை, கண்ணாடியில் ஒன்றே கால் நூல் துளை. ஒரு நூல் ரிவெட்டைச் சுற்றி அந்தக் கால் நூல் காலியாக இருக்கட்டும். துளையின் இரண்டு பக்க விளிம்பையும் சீவிவிடுங்கள். உள்பக்கத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். துளைகளை நடுவிலிருந்து தொடங்கி இரண்டு பக்கமும் மாறி மாறி ஓரத்துக்குப் போங்கள், கண்ணாடி எங்கும் மடங்கி நிற்காமல் படிந்துகொண்டே வரும்.

ரிவெட்டே வேண்டாம், பசையால் ஒட்டிவிடலாம் என்கிறார்களே?

சிகாஃப்ளெக்ஸ் 295 யுவி என்ற கறுப்புப் பசையை வைத்து ஒட்டுகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். படகு ஜன்னல்களுக்குப் பயன்படும் பசை அது, காய்ந்தபிறகும் ரப்பர் மாதிரி நெகிழும். கண்ணாடியில் துளையே போட வேண்டாம் என்பதால் விரிசலுக்கு வாய்ப்புக் குறைவு. வேன்ஸ் தரும் வரைபடங்கள் ரிவெட்டையும் திருகையும்தான் சொல்கின்றன, ஒட்டுவது கட்டுபவரின் சொந்தப் பொறுப்பு.

ஒட்டுவதானால் பசைக்குக் கனம் வேண்டும். கண்ணாடிக்கும் குழாய்க்கும் நடுவே ஒரு நூல் இடைவெளி இருக்குமாறு சின்னச் சின்ன ரப்பர் துண்டுகளை வையுங்கள். ஒட்டி நசுக்கி மெல்லிய படலமாக்கிவிட்டால் நெகிழ்வதற்குப் பசையே இருக்காது. அதற்கென்று உள்ள பிரைமரைக் கண்ணாடியில் கறுப்புப் பட்டையாகப் பூச வேண்டும், வெயில் பசையைத் தின்னாமல் அது மறைக்கும். பசை காற்றின் ஈரத்தில் வெளியிலிருந்து உள்ளே காயும். தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காக மறுநாள் தூக்கி ஆட்டாதீர்கள், ஒரு வாரம் விடுங்கள்.

என் கருத்தைக் கேட்டால், பசை நல்ல வழிதான். ஆனால் சட்டம் கோணலாக இருப்பவர்களுக்கு அது தப்பும் வழியாகிவிடுகிறது. இடைவெளி அரை அங்குலம் இருக்கும் இடத்திலும் பசையை அடைத்து மூடிவிடலாமே என்று தோன்றும். நான் ரிவெட்டில் போனேன்.

விரிசல் விழுந்துவிட்டது. எல்லாம் போச்சா?

போகவில்லை. எனக்கும் விழுந்தது. அக்டோபர் மாதம் ஒரு மாலை, கராஜ் குளிர ஆரம்பித்திருந்தது. முன்கண்ணாடியை ரோல் பாரோடு பிணைக்கும் திருகுகளில் கடைசி மூன்றுதான் மீதி. நாளைக்கு ஹீட்டர் போட்டுச் செய்வோம் என்று மனைவி சொன்னாள். நான் கேட்கவில்லை. இரண்டாவது திருகில் ‘டிக்’ என்று ஒரு சத்தம். நகத்தைச் சொடுக்கினது மாதிரி, அவ்வளவுதான். துளையிலிருந்து ஓரம் வரை இரண்டு செ.மீ. கோடு.

குளிர் ஒரு காரணம். உண்மையான காரணம், ரோல் பார் அந்த இடத்தில் அரை நூல் உள்ளே இருந்தது, அந்த இடைவெளியை நான் திருகை முறுக்கி மூடப் பார்த்தேன். அங்கே ஒரு ஷிம் வைத்திருக்க வேண்டும், மரப்பட்டை வைத்துப் பார்த்த நாளில் அந்த வெளிச்சம் எனக்குத் தெரிந்தும் இருந்தது. திருகு கண்ணாடியைத் தொட்டு நிற்க வேண்டும், இழுக்கக் கூடாது.

செய்ய வேண்டியது இதுதான். விரிசலின் நுனி எங்கே முடிகிறது என்று விளக்கை அடித்துப் பாருங்கள். அந்த நுனியில் ஒரு சின்னத் துளை போடுங்கள், கூரான நுனி வட்டமாகிவிட்டால் விரிசல் மேலே ஓடாது. பிறகு வெல்ட்-ஆன் போன்ற அக்ரிலிக் கரைப்பானை ஊசியால் கோட்டில் விட்டால் அது தானாக உள்ளே ஊறி இரண்டு பக்கத்தையும் சேர்த்துவிடும். ஓரத்தில் இருக்கும் சின்ன விரிசல்கள் பெரும்பாலும் பாவாடைக்கு அடியிலோ ஃபைபர்கிளாஸுக்கு அடியிலோ மறைந்துவிடும், என்னுடையதும் மறைந்துவிட்டது. நடுப்பார்வையில் நீளமாக ஓடிய விரிசல் என்றால் மட்டும் புதுக் குமிழைப் பற்றி யோசியுங்கள்.

உடையாத பாலிகார்பனேட் போட்டால் இந்தத் தொல்லையே இல்லையே?

பாலிகார்பனேட் அடிதாங்கும், உண்மைதான். ஆனால் எளிதில் கீறும், வெயிலில் மஞ்சளாகும், பெட்ரோல் பட்டால் கெட்டுப்போகும். கிட்டில் வருவது அக்ரிலிக்.

பாவாடை எப்போதும் ஓரத்தில் வாய் பிளந்து நிற்கிறதே?

பின்பக்கப் பாவாடைதான் இந்த வேலையில் மிக மோசமான பகுதி. உடலின் முதுகு அங்கே இரண்டு திசையிலும் வளைகிறது, தட்டையான தகட்டை அப்படி வளைத்து உட்காரவைப்பது வாழையிலையைப் பந்தில் சுற்றுவது மாதிரி. தகட்டின் ஓரத்தை உள்நோக்கி மிக லேசாக மடித்துவிட்டால் அழுந்தி நிற்கும். அதற்கும் மசியாவிட்டால் உடலின் மேலேயே படலம் விரித்து, ஃபைபர்கிளாஸில் வார்த்து எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. நான் மூன்று தகடுகளை வீணாக்கிவிட்டு அந்த வழிக்குப் போனேன். முதலிலேயே போயிருக்கலாம்.

முன்கண்ணாடி உடலோடு சேரும் அடிப்பகுதியில் ஃபைபர்கிளாஸ் போடும்போது கவனிக்க வேண்டியது என்ன?

ரெசினைப் பார்த்து வாங்குங்கள். பாலியெஸ்டர் ரெசினில் இருக்கும் ஸ்டைரீன் அக்ரிலிக்கைத் தின்றுவிடும், எபாக்ஸிதான் வேண்டும். முதல் அடுக்குக்கு எபாக்ஸியில் கறுப்புச் சாயம் கலந்துகொள்ளுங்கள். உள்ளே உட்கார்ந்து பார்க்கும்போது கண்ணாடி வழியாகத் தெரிவது அந்த அடுக்குதான், கலக்காவிட்டால் காலமெல்லாம் மஞ்சள் நிறத்தில் பல்லிளிக்கும். எல்லைக்கோட்டுக்கு வைனல் டேப்பை இரண்டு மூன்று அடுக்கு ஒட்டி, உப்புத்தாள் அந்த டேப்பைத் தொடும்போது நிறுத்துங்கள். டேப்புக்கு அப்பால் போகும் ஒரு தேய்ப்பு கண்ணாடியில் நிரந்தரமாகத் தெரியும்.

பறக்கும்போது திறந்துகொண்டால்?

குமிழின் முதுகில் காற்று வேகமாகப் போகும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. அதனால் கனோபியை எப்போதும் மேலே உறிஞ்சிக்கொண்டே இருக்கும். முன்பக்கக் கொக்கி மட்டுமன்றிப் பின்பக்கம் இரண்டு ஊசிகள் உடலில் உள்ள கட்டைகளுக்குள் போய் நிற்பது அதற்காகத்தான். அந்த ஊசிகள் முழுசாகப் போகின்றனவா என்று ஒருவரை வெளியே நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள், உள்ளே உட்கார்ந்தால் தெரியாது. புறப்படும் முன் சரிபார்க்கும் பட்டியலில் தாழ்ப்பாளுக்குத் தனி வரி போடுங்கள். நான் வாயால் சொல்வதோடு நிற்காமல் கையால் மேலே தள்ளியும் பார்ப்பேன்.

அப்படியும் திறந்துகொண்டால் சத்தமும் காற்றும் பயங்கரமாக இருக்கும். ஒரு கையால் அதைப் பிடித்து மூடப் போய், விமானத்தை ஓட்டுவதை மறப்பதுதான் ஆபத்து. விமானத்தை ஓட்டுங்கள், வேகத்தைக் குறைத்துக்கொண்டு வந்து இறங்குங்கள்.

கவிழ்ந்து நின்றுவிட்டால் ஸ்லைடரானாலும் டிப்-அப்பானாலும் திறப்பதை நம்ப முடியாது. கண்ணாடியை உடைக்கும் கனமான கருவி ஒன்றைக் கை எட்டும் இடத்தில் கட்டி வைத்திருக்கிறேன். இருக்கைக்குப் பின்னால் பையில் வைத்தால் பயனில்லை.

சட்டம் பற்றவைத்து வருவதால் ‘51 சதவீத’ விதிக்குச் சிக்கல் வருமா?

வராது. அமெரிக்க விமானத் துறை அமைப்பான எஃப்ஏஏவின் விதிப்படி வீட்டில் கட்டும் விமானத்தில் வேலையின் பெரும்பகுதியைக் கட்டுபவர்கள் தங்கள் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ செய்திருக்க வேண்டும். இந்தக் கணக்கு முழு விமானத்துக்கும் சேர்த்துப் பார்ப்பது. ஒவ்வொரு வேலைக்கும் நாள், நேரம், படம் வைத்துக்கொள்ளுங்கள், படத்தில் உங்கள் முகமும் இருக்கட்டும். பின்னால் வருடாந்திரச் சோதனையை நீங்களே செய்துகொள்ளும் ரிப்பேர்மேன் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும்போது அது உதவும்.

எவ்வளவு நாள் ஆகும்? தனியாகச் செய்ய முடியுமா?

என் பதிவேட்டில் கனோபிக்கு மட்டும் 160 மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது, அதில் பாதிக்கு மேல் கண்ணாடியைத் தொடுவதற்கு முன்பே போனது. சட்டம் வளைப்பது தனியாள் வேலை. குமிழை ஏற்றி இறக்க மட்டும் இன்னொருவர் கட்டாயம் வேண்டும். கனம் அதிகமில்லை, ஆனால் அகலம் கைக்கு அடங்காது, ஒரு மூலை தரையில் தட்டினால் முடிந்தது. வருபவரைக் கைக்கடிகாரத்தையும் மோதிரத்தையும் கழற்றிவிட்டு வரச் சொல்லுங்கள்.

எதைக் கொண்டு துடைப்பது?

நிறையத் தண்ணீர், ஒரு சொட்டு மிதமான சோப்பு, சுத்தமான மைக்ரோஃபைபர் துணி. முதலில் தண்ணீர் ஊற்றித் தூசியைக் கழுவிவிட்டுத்தான் துணி படலாம். வட்டமாகத் தேய்க்காமல் மேலும் கீழும் நேராகத் துடையுங்கள், வட்டக் கீறல்கள் மாலை வெயிலில் ஒளிவட்டமாகத் தெரியும். பேப்பர் டவல் கூடாது. அம்மோனியா கலந்த ஜன்னல் கிளீனர், அசிட்டோன், பெட்ரோல் எதுவும் கிட்டே வரக் கூடாது, அக்ரிலிக் உள்ளுக்குள் மயிரிழை மயிரிழையாக வெடிக்கும். திருகு கழலாமல் இருக்கப் போடும் திரெட்லாக்கரும் அதே வேலையைச் செய்யும், கண்ணாடிக்குப் பக்கத்தில் உள்ள திருகுகளுக்கு நைலான் பூட்டு நட்டு போடுங்கள். ஹேங்கரில் அந்த ஜன்னல் கிளீனர் பாட்டிலையே வைக்காதீர்கள். உதவி செய்ய வரும் யாராவது அன்போடு எடுத்து அடித்துவிடுவார்கள்.